வெள்ளம் வடிந்ததும் வரும் புல்டோசர்

பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் குடியிருப்புகளில் மின்சாரம் போனால் லிஃப்ட் நின்றுவிடும். மோட்டார் ஓடாது, மாடிக்குத் தண்ணீர் ஏறாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது தென்சென்னைப் புறநகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாட்களில் கீழே தெரு நிறையத் தண்ணீர் நிற்கும், மேலே குழாயில் சொட்டு வராது. மூட்டுவலியோடு இருக்கும் பாட்டியும் நிறைமாதப் பெண்ணும் ஏழாவது மாடியிலேயே முடங்க வேண்டியதுதான். வீட்டில் வயசுப் பையன் இருந்தால் கேனைத் தோளில் வைத்துப் படியேறுவான். இல்லாத வீடு, யாராவது ஏறி வரும்வரை காத்திருக்கும்.

இந்தக் குடும்பங்களில் பல, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி இங்கே கொண்டுவரப்பட்டவை. கூவம், அடையாறு ஓரங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியும் திறந்துவிடப்பட, அடையாறு கரைபுரண்டது. தண்ணீர் வடிந்ததும் ஆற்றோரங்களுக்குக் கணக்கெடுப்பு வந்தது, டோக்கன் வந்தது, பின்னாலேயே புல்டோசரும் வந்தது. சில இடங்களில் கல்வியாண்டின் நடுவிலேயே வீடுகளை இடித்தார்கள்.

போய்ச் சேர்ந்த இடம் எது? தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் அந்த நீர்வழியை ஒட்டிய தாழ்வான நிலத்தில்தான் எழும்பின. பள்ளிக்கரணை 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்றது. அதற்குள் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சமிருந்தது. ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லி எழுப்பிய மக்களைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் உட்கார வைத்ததைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் நகரம் என்ற பேச்சு இன்று எல்லா மேடைகளிலும் கேட்கிறது. மழைநீர் வடிகால், தடுப்புச்சுவர், பம்பு, எச்சரிக்கைக் கருவி என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் யார் எங்கே இருப்பது என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை. ஏழைகளின் குடியிருப்பில் காலடி மண் உறுதியாகாதவரை, எந்தப் பாதுகாப்புத் திட்டமும் கடைசியில் வெளியேற்றும் திட்டமாகவே முடிகிறது. மண் உறுதியான இடங்களில் வெயிலையும் வெள்ளத்தையும் எதிர்கொள்ள மக்களே வழி கண்டிருக்கிறார்கள். ஆமதாபாத்திலும், கடல்கடந்து புவர்ட்டோ ரிக்கோவிலும் அதைப் பார்க்கலாம். சென்னையிலும் ஒருகாலத்தில் அது நடந்திருக்கிறது.

இடம்பெயர்க்கப்பட்டவர் இழப்பது நான்கு சுவரை மட்டும் என்று நினைத்தால் கணக்கு தப்பிவிடும். மயிலாப்பூரில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர், காலை ஆறரைக்கு அங்கே நிற்க இப்போது விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். பஸ் தாமதமானால் ஒரு வீடு போகும், நாளடைவில் நான்கும் போகும். முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதினாலே முகம் மாறுகிற முதலாளிகள் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு அக்கம்பக்கம். புயல் ராத்திரியில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாரிடம் நீளக் கயிறு, எந்த மொட்டைமாடி உறுதியானது என்பதெல்லாம் தெருக்காரர்களுக்குத் தெரியும். பேரிடர் மேலாண்மை என்று புத்தகங்கள் சொல்வதில் பாதி இதுதான். ஒரு தெருவைப் பிரித்து வெவ்வேறு பிளாக்குகளில் குலுக்கல் முறையில் போட்டால் அந்த அறிவு ஒரே நாளில் கலைந்துவிடும்.

2015 வெள்ளத்தில் நகரத்தைத் தூக்கி நிறுத்தியவர்களை நினைத்துப் பாருங்கள். குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகைத் தெருவுக்குள் கொண்டுவந்து, மாடியில் தவித்தவர்களை இறக்கிச் சென்றார்கள். தண்ணீர் வடிந்தபின் மலைபோல் குவிந்த குப்பையையும் சகதியையும் அள்ளியவர்கள் தூய்மைப் பணியாளர்கள். மாநிலத்தின் மற்ற ஊர்களிலிருந்தும் அவர்களை வரவழைத்தார்கள், பலரும் தலித்துகள். நகரத்தைக் காப்பாற்றும் வேலை வரும்போது தேடப்படுகிற இதே மக்கள், நகரத்தின் வரைபடத்தில் ஆக்கிரமிப்பாளர்கள் என்று குறிக்கப்படுகிறார்கள்.

பட்டியலில் இருக்கும் தெரு, இல்லாத தெரு

இது சட்டமே இல்லாத ஊர் அன்று. தமிழ்நாடு 1970ல் குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது. அடுத்த ஆண்டு அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், அங்கே குடிநீர், கழிப்பிடம், விளக்கு தரும் பொறுப்பு வாரியத்துக்கு வரும். உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் குடியிருப்போரை வெளியேற்றவும் முடியாது. 1971ல் சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985ல் மேலும் 17. அதன்பின் பல பத்தாண்டுகள் ஒன்றுகூடச் சேரவில்லை.

அந்தப் பத்தாண்டுகளில் நகரம் பெருகியது, குடிசைப் பகுதிகளும் பெருகின. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி மக்கள்தொகையில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் அத்தகைய பகுதிகளில் இருந்தார்கள். பட்டியலில் ஏறாத தெருவுக்குச் சட்டத்தின் காவல் இல்லை. ஆற்றோரமாக இருந்தால் ‘ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு’ என்ற முத்திரை விழும். அப்புறம் பட்டா என்ற பேச்சுக்கே இடமில்லை. வாரியம் 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. மக்கள் இன்றும் ‘போர்டு வீடு’ என்றுதான் சொல்கிறார்கள். பெயரை மாற்றிய கையோடு பட்டியலையும் திறந்திருக்கலாம்.

காகிதத்தின் மதிப்பு ஆற்றோரக் குடும்பங்களுக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் தெரியாது. மழைக்காலம் தொடங்கும்போதே ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். டிவியை விட்டுவிட்டு ஓடினாலும் அந்தக் கவரை விடமாட்டார்கள். மிக்ஜாம் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. சொந்தப் பெயரில் கார்டு இல்லாத வாடகைக் குடித்தனத்துக்கும், வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதே தண்ணீர்தான் வீட்டுக்குள் வந்தது. அவர்கள் நிவாரணத்துக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவது?

கூரையில் தொடங்கிய ஆமதாபாத்

2010 மே மாதம் ஆமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. வெள்ளம் வந்தால் படம் எடுக்கலாம், செய்தியாகும். வெயில் சத்தமில்லாமல் கொல்லும். இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றோ வேறு நோய் என்றோதான் இருக்கும். மூன்றே ஆண்டில், 2013ல், தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல் திட்டத்தை அந்த மாநகராட்சி கொண்டுவந்தது. எச்சரிக்கை, மருத்துவமனைத் தயாரிப்பு, தண்ணீர்ப் பந்தல் என்று பல உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நகர அளவிலான எச்சரிக்கை ஒன்று, தகர ஷீட்டுக்குக் கீழே இருக்கும் வீடு இன்னொன்று.

அந்தத் தகர ஷீட்டில் கைவைத்தவர்கள் பெண்கள். இளா பட் 1972ல் தொடங்கிய சேவா என்ற முறைசாராத் தொழிலாளர் பெண்கள் சங்கத்திலிருந்து, 1994ல் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் பிறந்தது. இவர்கள் பார்த்த முதல் விஷயம் எளிமையானது. ஆமதாபாத்தின் குடிசைப் பகுதிகளில் வீடுதான் பட்டறை. ஊதுபத்தி உருட்டுவது, துணி தைப்பது, பட்டம் ஒட்டுவது எல்லாம் வீட்டுக்குள்தான். மதியம் இரண்டு மணிக்கு ஷீட் கூரை நெருப்பாகக் காயும்போது ஃபேன் போட்டால் சூடான காற்றுதான் சுற்றும், பட்டம் ஒட்டும் பெண்ணுக்கோ காகிதம் பறக்கும். அதனால் ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்ய வேண்டும், அல்லது வேலையை நிறுத்த வேண்டும். கூரையின் சூடு நேராகக் கூலியில் இறங்குகிறது.

ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கொண்ட குழுக்கள் அமைந்தன. பகுதிக் குழுக்களின் பிரதிநிதிகள் நகர அளவில் ஒன்றுசேர்ந்து மாநகராட்சியோடு பேசினார்கள். சில பெண்கள் மின்சாரத் தணிக்கை கற்றுக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய் எந்த பல்பு, எத்தனை வாட், ஃபேன் எவ்வளவு பழையது, மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்து, எதை மாற்றினால் பில் குறையும் என்று சொன்னார்கள். கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் பூசினார்கள். நம் ஊரில் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் அதே தத்துவம்தான். வீட்டுக்குள் சில டிகிரி குறைவதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, பக்கத்து வீட்டுக்காரரை நம்பவைக்க நிபுணர் தேவைப்படவில்லை. வசதி இருந்தவர்கள் கடன் வாங்கி, தேங்காய் நாரும் கழிவுக் காகிதமும் சேர்த்துச் செய்த பலகைக் கூரைக்கு மாறினார்கள். 2017ல் மாநகராட்சியே ஆயிரக்கணக்கான கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையைக் கையில் எடுத்தது.

இது எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் சென்னைக்குப் பாடம் இருக்கிறது. 1995ல் ஆமதாபாத் மாநகராட்சி குடிசைப் பகுதிகளை இணைக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒரு குடும்பம் 2,100 ரூபாய் போட்டது, மீதியை மாநகராட்சியும் மற்றவர்களும் ஏற்றார்கள். குழாய், கழிவுநீர் இணைப்பு, நடைபாதை, தெருவிளக்கு வந்தன. கூடவே ஒரு வாக்குறுதியும் வந்தது: பத்து ஆண்டுகளுக்கு உங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள். பட்டாகூட இல்லை, பத்து ஆண்டு உறுதிமொழிதான். அது போதுமானதாக இருந்தது. நாளைக்கு இடிப்பார்களோ என்று பயந்துகொண்டிருக்கும் வீட்டில் யாராவது கூரைக்குப் பெயிண்ட் வாங்குவார்களா?

அதே ஆமதாபாத் சபர்மதி ஆற்றங்கரையை அழகுபடுத்தியபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை ஊரின் ஓரங்களுக்கு அனுப்பியதையும் மறைக்கக் கூடாது. உறுதிமொழி கிடைத்த தெருவில் கூரை மாறியது, கிடைக்காத ஆற்றங்கரையில் ஆளே மாறினார்கள். ஒரே நகரத்தின் நிர்வாகம், ஏறத்தாழ ஒரே தலைமுறையில், இரண்டையும் செய்தது.

வெயிலுக்குக் காப்பீடு என்பதையும் சேவா பெண்கள் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 2024 மே மாதம் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியபோது, 22 மாவட்டங்களில் 46,000க்கும் மேற்பட்ட பெண்களின் கைக்குத் தலா 400 ரூபாய் போய்ச் சேர்ந்தது. யாரும் மருத்துவச் சான்று கேட்கவில்லை. வெப்பமானி எல்லையைத் தொட்டால் பணம். 400 ரூபாய் ஒரு நாள் கூலிக்குப் பக்கத்தில்தான் வரும், பெரிய தொகை என்று சொல்ல வரவில்லை. உப்பளத்திலோ காய்கறி வண்டியிலோ நிற்கும் பெண்ணுக்கு, உச்சி வெயிலில் நிழலுக்கு ஒதுங்குவதா, அடுப்பெரிவதா என்ற கேள்வியைக் கொஞ்சம் தளர்த்துகிற தொகை அது.

நிலத்தைப் பொதுவில் வைத்த கால்வாய்க்கரை

அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவான புவர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானின் நடுவே கான்யோ மார்ட்டின் பென்யா என்ற கால்வாய் ஓடுகிறது. சுமார் ஆறு கிலோமீட்டர் நீளம், ஒரு பக்கம் விரிகுடா, மறுபக்கம் காயல். 1920களிலும் 30களிலும் புயல்களிலும் விவசாய வீழ்ச்சியிலும் வாழ்விழந்த கிராமத்து மக்கள் பிழைப்புத் தேடி வந்து, அதன் கரையோரச் சதுப்புக் காட்டில் குப்பையையும் மண்ணையும் கொட்டி மேடாக்கிக் குடியேறினார்கள். கழிவுநீர்க் குழாய் இல்லை. காலப்போக்கில் கால்வாய் தூர்ந்து, சில இடங்களில் தாண்டிவிடலாம் போல் ஒடுங்கியது. மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும். பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2002ல் அரசு கால்வாயைத் தூர்வாரத் திட்டமிட்டது. கரையோர மக்கள் மகிழ்ந்தார்கள், உடனே பயந்தார்கள். கூப்பிடு தூரத்தில் நகரின் வங்கிகளும் வணிகக் கோபுரங்களும் இருந்தன. சாக்கடை தெளிந்தால் அந்த நிலத்தின் விலை எங்கே போகும், தாங்கள் எங்கே போவோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 700க்கும் மேற்பட்ட கூட்டங்களும் நிகழ்வுகளும் அங்கே நடந்தன. எந்தத் தெரு அகல வேண்டும், எந்த வீடு நகர வேண்டும், நகர்கிறவர் எங்கே போவார் என்று மக்களே உட்கார்ந்து பேசினார்கள். திட்ட அலுவலகத்தின் பொறியாளர்களும் சமூகப் பணியாளர்களும் பக்கத்தில் இருந்தார்கள்.

அந்தப் பேச்சிலிருந்து 2004ல் ஒரு சட்டம் பிறந்தது. சுமார் 200 ஏக்கர் நிலம் ஒரு சமுதாய நில அறக்கட்டளையின் பெயருக்கு மாறியது. மண் அறக்கட்டளைக்குச் சொந்தம், அதை விற்க முடியாது. அந்த மண்ணின் மேல் வீடு வைத்திருக்கும் உரிமை குடும்பத்துக்குச் சொந்தம். அதைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம், அடமானம் வைக்கலாம், பதிவுப் பத்திரமும் கைக்கு வரும். தனித்தனியாகப் பட்டா வாங்கியிருந்தால் கஷ்டம் வரும்போது ஒவ்வொருவராக விற்றிருப்பார்கள், பத்தாண்டில் கரை முழுவதும் கைமாறியிருக்கும். அதை முன்கூட்டியே யோசித்ததுதான் அந்த மக்களின் மதிநுட்பம். நம் பட்டா கோரிக்கைகளில் இந்தக் கோணம் இன்னும் வரவில்லை என்பது என் ஆதங்கம்.

சும்மா விட்டுவிடவில்லை அவர்களை. 2009ல் ஆட்சி மாறியதும் அந்த நிலத்தை அறக்கட்டளையிடமிருந்து பறித்துச் சட்டம் போட்டார்கள். மக்கள் நீதிமன்றம் போனார்கள், தெருவிலும் நின்றார்கள். 2013ல் நிலம் திரும்பி வந்தது. பிறகு உலக வாழ்விட விருதும் வந்தது.

2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் தாக்கியபோது இந்த அமைப்பின் பலம் தெரிந்தது. கரையோரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளின் கூரை பறந்தது. எட்டுக் குடியிருப்புகளின் கூட்டமைப்பான ஜி-8, யாருடைய வீடு என்ன நிலையில் இருக்கிறது என்று தெருத்தெருவாகக் கணக்கெடுத்து, தார்ப்பாய் கட்டும் வேலையைத் தொடங்கியது. தீவு முழுவதும் ஆயிரக்கணக்கானோருக்கு வீடு தங்களுடையது என்று காட்டப் பத்திரம் இல்லாததால் மத்திய நிவாரணம் மறுக்கப்பட்டது. அறக்கட்டளை வழியாக உரிமைப் பத்திரம் பெற்றிருந்த குடும்பங்களிடம் காட்ட ஒரு காகிதம் இருந்தது. தூர்வாரும் பணிக்கு அமெரிக்க அரசு 2022ல் 16.3 கோடி டாலர் ஒதுக்கியபோது, கரையிலிருந்து நகர வேண்டியவர்களுக்கும் அதே சுற்றுவட்டாரத்தில் மாற்று வீடு என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. இருபது ஆண்டு காத்திருப்பு நீளம்தான். ஆனால் கால்வாய் தெளியும்போது அதைப் பார்க்க அந்த மக்களில் பலர் அங்கேயே இருப்பார்கள்.

சென்னைக்கு இது அந்நியமான யோசனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1977ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், இந்த ஊரின் குடிசைப் பகுதிகள் பலவற்றை இருந்த இடத்திலேயே மேம்படுத்தினார்கள். குழாய், கழிப்பிடம், பாதை, விளக்கு, அத்தோடு தவணையில் பணம் கட்டி மனையைச் சொந்தமாக்கும் ஒப்பந்தம். அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் சிறு மனைகள் பிரித்து, வசதி செய்து கொடுத்து, வீட்டை மக்களே கட்டிக்கொள்ள விட்டார்கள். அந்த வகைத் திட்டங்களைத் தோல்வி என்று ஒதுக்கிய உலக வங்கியின் ஆய்வாளர்களே, பிற்காலத்தில் சென்னைக்கும் மும்பைக்கும் திரும்பி வந்து பார்த்தபோது பல வருமானத்தாரும் கலந்து வாழும் உயிருள்ள பேட்டைகளைக் கண்டார்கள். 2018ல் அந்த ஆய்வு வெளியானது. நாமோ அதற்குள் அந்த வழியை விட்டுவிட்டு, 2000 முதல் ஊருக்கு வெளியே பல்லாயிரம் வீடுகளை ஒரே இடத்தில் அடுக்கத் தொடங்கிவிட்டோம்.

ஆற்றின் நீரோட்டத்துக்கு நேர் நடுவே இருக்கும் வீடுகளை அப்படியே விட முடியாது என்பது உண்மை. அங்கே இருப்பவர்களுக்கே அது தெரியும், பாம்போடும் சாக்கடையோடும் படுத்து எழுபவர்கள் அவர்கள்தான். எங்கே போவது, எவ்வளவு தூரம், எப்போது, தெருவோடு சேர்ந்தா தனித்தனியாகவா என்பதை அவர்களிடம் கேட்டு முடிவு செய்யலாம். நகருக்குள்ளேயே பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் கட்டுவது நடக்கிறது, ஆகவே நகருக்குள் இடமில்லை என்ற வாதம் முழுதாக நிற்காது. ஆற்றோரத்தில் ஆக்கிரமிப்பு என்றால் தனியார் கட்டடத்துக்கும் அரசுக் கட்டடத்துக்கும் அதே அளவுகோலை எடுங்கள். குடிசைக்கு மட்டும் புல்டோசர் என்பது நீரியலும் இல்லை, நீதியும் இல்லை.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்று வைத்தது. நல்ல அறிவிப்பு. உயிர் போன பிறகு கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே ஷீட் கூரைகளுக்கும் எட்டாவது அடுக்கின் தண்ணீருக்கும் செலவிட்டால், பலன் உயிரோடிருப்பவர்களுக்குக் கிடைக்கும். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் எந்தத் தெருவில் எந்தக் கூரை முதலில் என்று சொல்ல, அங்கே இருக்கும் மகளிர் குழுக்களைவிடத் தகுதியானவர் யார்?

கேட்பதற்கு மேடையும் இருக்கிறது. நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022ல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் முதல் பகுதி சபைகள் கூடின. வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம் அது. பெரும்பாலும் குப்பை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை பற்றிப் பேசிக் கலைகிறார்கள். அடுத்த முறை மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்கலாம்: அந்த வார்டின் வெள்ள வரைபடம், வெளியேற்றக் குறிக்கப்பட்டிருக்கும் குடியிருப்புகளின் பட்டியல், வார்டுக்குள் இருக்கும் அரசு நிலத்தின் கணக்கு. மூன்றும் தமிழில், வாசிக்கிற அளவு எழுத்தில், புல்டோசருக்கு நாள் குறிப்பதற்கு முன்பே வேண்டும்.